மிதி, ஏற்றம், மூக்கு, வெயிஸ்ட்: வீட்டுப் படிக்கட்டை அளந்து தெரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் ஒரு வீட்டில் மாடிப்படிக்குச் சென்ட்ரிங் அடித்து முடித்த அன்று ஒரு வாக்குவாதம். ‘படி 17 வருது சார், ஒத்தப்படை, நீங்க கேட்ட மாதிரியே’ என்றார் கொத்தனார். வீட்டுக்காரர் கீழேயிருந்து விரலை நீட்டி எண்ணிவிட்டு ‘18 இருக்கே’ என்றார். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பத்தா, யாரையும் கேட்காமல், ‘லாபம், நட்டம், லாபம், நட்டம்’ என்று தன் கணக்கில் எண்ணி, கடைசியில் நட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், வேலை நின்றது.

மூன்று பேரும் எண்ணியது ஒரே படிக்கட்டைத்தான். யாரும் தப்பாக எண்ணவில்லை. கொத்தனார் கால் வைக்கும் இடங்களை எண்ணினார். வீட்டுக்காரரும் அப்பத்தாவும் காலைத் தூக்கும் தடவைகளை எண்ணினார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு என்பது முன்பே பேசப்பட்டிருந்தால், அன்றைய கூலி வீணாகியிருக்காது.

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று இந்தக் கரையோரத்திலேயே கட்டட மேற்பார்வை பார்க்கிறவன் நான். வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் நிறத்துக்கு 4 கடை ஏறி இறங்குவார்கள். படிக்கட்டை மட்டும் ‘கொத்தனார் பார்த்துக்குவார்’ என்று விட்டுவிடுவார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு படிக்கட்டில் திருத்துவதற்கு ஒன்றும் கிடையாது, இடிப்பதைத் தவிர. அதனால் சென்ட்ரிங் பலகை ஏறுவதற்கு முன்பே அதன் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். புத்தகம் வேண்டாம். ஒரு டேப், ஒரு ரசமட்டம், ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு இப்போது இருக்கும் வீட்டுப் படியடியில் போய் நில்லுங்கள். சொந்தப் படி இல்லாதவர்கள் அண்ணன் வீட்டுப் படியையோ, எதிர்வீட்டுப் படியையோ கேட்டு அளக்கலாம். யாரும் மறுக்க மாட்டார்கள், கொஞ்சம் சிரிப்பார்கள்.

முதலில் மிதியும் ஏற்றமும்

கால் பதிகிற கிடைமட்டப் பரப்பு மிதி. ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் முகம் ஏற்றம். சைட்டில் ட்ரெட், ரைசர் என்பார்கள். இந்த நான்கு சொல்லும் தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

ஏற்றத்தை அளக்கும்போது டேப்பை ஒரு மிதியின் மேல்பரப்பில் ஊன்றி அடுத்த மிதியின் மேல்பரப்பு வரை பார்க்க வேண்டும். வீட்டுப் படிக்கு 6 முதல் 7 அங்குலம் சுகமான அளவு. நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு 190 மில்லிமீட்டர் வரை, அதாவது ஏழரை அங்குலம் வரை, விடுகிறது. அது எல்லை, அதை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். மிதிக்கு அதே தொகுப்பு குறைந்தது 250 மில்லிமீட்டர் கேட்கிறது. நம் கணக்கில் 10 அங்குலம். 11 இருந்தால் இறங்கும்போது குதிகால் முழுதாகப் பதியும்.

ஊரணிப் படித்துறையில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். நிறைகுடத்தோடு, ஈரக்காலோடு ஏற வேண்டிய இடம் என்பதால் அங்கே மிதி அகலம், ஏற்றம் தாழ்வு. பழைய ஓட்டு வீடுகளில் மச்சுக்கு ஏறும் மரப்படி இதற்கு நேரெதிர். அங்கே ஏற்றப் பலகையே இருக்காது, மிதி ஒரு சாண்தான் இருக்கும், ஏணிக்கும் படிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. வெங்காயமும் புளிப்பானையும் ஏற்றி இறக்க அது போதும். தினம் 20 தடவை ஏற அது ஆகாது.

சரி, எண்ணுவதற்கு வருவோம். நேராக ஏறும் ஒரு வரிசையில் ஏற்றங்களின் எண்ணிக்கை மிதிகளைவிட எப்போதும் ஒன்று கூடுதல். கடைசி ஏற்றம் ஏறியதும் நீங்கள் நிற்பது மிதியில் இல்லை, மேல்தளத்தில். உச்சிப்புளி வீட்டில் நடந்தது இதுதான். நடுவில் திரும்பும் படி. வரிசைக்கு 9 ஏற்றமாக இரண்டு வரிசை, மொத்தம் 18 ஏற்றம். வரிசைக்கு 8 மிதி, இரண்டு வரிசைக்கு 16, நடு லேண்டிங்கையும் ஒரு படியாகச் சேர்த்தால் 17. கொத்தனார் கணக்கு அது.

ஒற்றைப்படை வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏற்றத்தைத்தான் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. வலது காலை எடுத்து வைத்து ஏறத் தொடங்கினால் மேல்தளத்திலும் வலது காலே படும் என்பதுதானே அந்த வழக்கத்தின் கணக்கு? காலைத் தூக்குவது ஏற்றத்துக்குத்தான். இதில் நம்பிக்கை இல்லாதவர்கள் இரட்டைப்படையில் தாராளமாகக் கட்டலாம், கான்கிரீட்டுக்கு ஒற்றை இரட்டை தெரியாது. எந்தப் பக்கமானாலும் கொத்தனாரிடம் ‘எத்தனை படி’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை ரைசர்’ என்று கேளுங்கள்.

மூக்கு

மிதியின் முன்விளிம்பு, கீழே உள்ள ஏற்றத்தைத் தாண்டி முக்கால் அல்லது 1 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் நோசிங், தமிழில் மூக்கு என்றே சொல்லலாம். ஏறும்போது கால்விரல் நுழைய இடம் கொடுப்பது இது.

இங்கே ஒரு சின்ன ஏமாற்று நடக்கும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கிரானைட் பலகை 11 அங்குலம் என்று கடையில் வாங்குகிறோம். அதில் 1 அங்குலம் மூக்காகக் கீழ்ப்படியின்மேல் தொங்குகிறது. படியின் உண்மையான ஓட்டம் ஒரு மூக்கு நுனியிலிருந்து அடுத்த மூக்கு நுனி வரை, கிடைமட்டமாக. அது 10தான். வரைபடத்தில் போட வேண்டியது இந்த 10ஐ. உங்கள் படியில் ரசமட்டத்தைக் கிடையாகப் பிடித்து, மேல் மூக்கிலிருந்து கீழ் மூக்குக்கு அளந்து பாருங்கள். டேப்பை மிதியின்மேல் போட்டு அளந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் மூக்கின் நீளம்.

மூக்கை அரைவட்டமாகப் பாலிஷ் போடுவது அழகு. கூடவே விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று கோடு கீறித் தரச் சொல்லுங்கள். கடலுக்குப் போய்வந்த கால், ஐஸ் பெட்டி ஒழுகிய தண்ணீர், இதெல்லாம் நம் வீடுகளில் சாதாரணம். பாலிஷ் கிரானைட்டில் ஈரம் பட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும்.

வரிசை, லேண்டிங், நடுக்கிணறு

லேண்டிங்குக்கு லேண்டிங் இடைவிடாமல் ஓடும் படிகளின் தொகுதி ஒரு வரிசை, ஃபிளைட் என்பார்கள். இரண்டு வரிசைக்கு நடுவில் மூச்சுவிட நிற்கும் மேடை லேண்டிங். போய், முட்டி, நேரெதிராகத் திரும்பி ஏறும் படிக்கு டாக் லெக் என்று பெயர். நம் பக்க வீடுகளில் பெரும்பாலும் இதுதான். இரண்டு வரிசைக்கும் இடையே மேலிருந்து கீழ்வரை தெரியும் இடைவெளி நடுக்கிணறு. 4 அங்குலமாவது விடுங்கள். கைப்பிடி போட, பூச்சுக் கரண்டி நுழைய அது வேண்டும்.

லேண்டிங்கின் அகலம் படியின் அகலத்துக்குக் குறையவே கூடாது. 3 அடிப் படிக்கு இரண்டரை அடி லேண்டிங் வைத்த ஒரு வீட்டில் பீரோவைக் கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றினார்கள். நான்தான் அந்த வேலைக்கு மேற்பார்வை, அதனால் இதைக் குறைவாகவே பேச விரும்புகிறேன்.

இடம் போதாத வீட்டில் லேண்டிங்குக்குப் பதிலாக முக்கோணப் படிகளை வைத்துத் திருப்புவார்கள். வைண்டர் என்று பெயர். உள்மூலையில் மிதி ஒன்றுமில்லாமல் குறுகிவிடும். வயதானவர்கள் கைப்பிடியைப் பிடிக்க உள்பக்கம்தான் வருவார்கள், அங்கேதான் கால் வைக்க இடம் இருக்காது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும்.

கணக்கு: காகிதத்தில் ஒரு படிக்கட்டு

இப்போது காகிதத்தை எடுங்கள். கீழ்த்தளத்தின் முடிந்த தரையிலிருந்து மேல்தளத்தின் முடிந்த தரை வரை உள்ள உயரம் முதலில் வேண்டும். பத்தரை அடி என்று வைத்துக்கொள்வோம், 126 அங்குலம்.

7 அங்குல ஏற்றம் என்றால் 126ஐ 7ஆல் வகுக்க, 18. மிதி 10 அங்குலம். இது நடக்கச் சுகமா என்று பார்க்க ஒரு பழைய சூத்திரம் உண்டு. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தெல் சொன்னதன் வழி வந்தது: இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் கூட்டினால் மனிதனின் ஓர் எட்டுக்குச் சமமாக வர வேண்டும். நம் அளவில் 24 முதல் 25 அங்குலம். 7 இரண்டு 14, அதோடு 10, ஆக 24. சரியாக இருக்கிறது.

அப்பத்தா ஒற்றைப்படைதான் வேண்டும் என்கிறார். இரண்டு வழி. ஒன்றைக் குறைத்து 17 ஆக்கினால் ஒவ்வோர் ஏற்றமும் 7.41 அங்குலம், 188 மில்லிமீட்டர். விதியின் எல்லைக்குள் மயிரிழையில் நிற்கிறது. ஆனால் அப்பத்தாவின் முழங்கால் கெஞ்சும். ஒன்றைக் கூட்டி 19 ஆக்கினால் ஏற்றம் 6.63. இப்போது மிதியை 10லேயே விட்டால் கூட்டுத்தொகை 23 சொச்சம், எட்டு குறுகி நடை தட்டும். மிதியை 11 ஆக்கினால் 24.26, நல்ல படி.

அதற்கு விலை இடம். 18 ஏற்றப் படியில் வரிசைக்கு 8 மிதி, 80 அங்குலம், 6 அடி 8 அங்குலத்தில் ஒரு வரிசை முடிந்துவிடும். 19இல் ஒரு வரிசை 10 ஏற்றம், அதற்கு 9 மிதி, 99 அங்குலம், 8 அடி 3 அங்குலம். படி அறையின் நீளம் 1 அடி 7 அங்குலம் கூடுகிறது. அந்த இடம் ஹாலில் போகிறதா, சமையலறையில் போகிறதா என்பதைச் சுவர் எழும்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். உச்சிப்புளியில் சுவர் எழும்பிவிட்டது. கடைசியில் 18லேயே போட்டோம். அப்பத்தாவிடம் லேண்டிங்கையும் சேர்த்துக் கொத்தனார் கணக்கைச் சொல்லி 17 என்று சமாதானப்படுத்தினார்கள்.

இன்னொன்றும் இந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும். நடு லேண்டிங்குக்கு அடியில் ஒரு பாத்ரூம் வைக்கலாமே என்று எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். 9 ஏற்றம் ஏறினால் லேண்டிங்கின் உயரம் 63 அங்குலம். அதில் கான்கிரீட் கனம் 6 போனால் 57, அதாவது 4 அடி 9 அங்குலம். குழந்தைகள் மட்டும் நின்று குளிக்கலாம். மோட்டார், இன்வெர்ட்டர், தேங்காய் மூட்டை வைக்கச் சரி. பாத்ரூம்தான் வேண்டுமென்றால் முதல் வரிசையில் 12 ஏற்றமாவது வைத்து இரண்டாவதைக் குட்டையாக்க வேண்டும், அப்போதும் 6 அடி சொச்சம்தான் கிடைக்கும்.

எல்லோரும் தடுக்கி விழும் முதல் படியும் கடைசிப் படியும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நான் பார்த்த படிக்கட்டுக் குறைகளில் முக்கால்வாசி இதுதான்.

நம் கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தை மனப்பாடம் செய்துவிடும். அப்புறம் கண் பார்க்காது. நடுவில் ஒரு படி அரை அங்குலம் மாறினாலும் தடுக்கும். கொத்தனார் ஏற்றத்தை எல்லாம் அச்சாக 7 அங்குலம் வைத்துத்தான் போட்டிருப்பார். பிறகு எப்படி மாறுகிறது?

மேலே போடும் தரைக் கனத்தால். கான்கிரீட் முடிந்தபின் ஹாலில் கலவையும் டைல்ஸுமாக இரண்டரை அங்குலம் ஏறுகிறது. மேல்தளத்திலும் அதே இரண்டரை. ஆனால் படியில் கிரானைட்டும் கலவையும் சேர்த்து ஒன்றரை அங்குலம்தான். கணக்குப் பாருங்கள். முதல் ஏற்றம்: 7ஓடு படிக்கனம் ஒன்றரையைக் கூட்டி, ஹாலில் ஏறிய இரண்டரையைக் கழித்தால் 6. நடுவில் எல்லாம் 7. கடைசி ஏற்றம்: 7ஓடு மேல்தளத்தின் இரண்டரையைக் கூட்டி, படியின் ஒன்றரையைக் கழித்தால் 8. ஏறும்போது முதல் படியில் கால் தொப்பென்று இறங்கும், கடைசிப் படியில் விரல் இடிக்கும். வீட்டுக்காரர்கள் பழகிவிடுவார்கள். கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி பாயசச் சட்டியோடு விழுவார்.

இதற்கு மருந்து சென்ட்ரிங் அன்று மட்டும்தான். படிச்சுவரில் சாக்பீஸால் கீழே முடிந்த தரை வரப்போகும் மட்டத்தையும், மேலே முடிந்த தரை மட்டத்தையும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துக் குறியுங்கள். இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவிலுள்ள உயரத்தைச் சமமாகப் பிரித்து ஒவ்வொரு படியின் முடிந்த மட்டத்தையும் சுவரிலேயே போடுங்கள். அதிலிருந்து ஒன்றரை அங்குலம் இறக்கினால் கான்கிரீட் மட்டம். இப்படிச் செய்தால் வெறும் கான்கிரீட்டில் முதல் ஏற்றம் 8 அங்குலமாகவும் கடைசி 6 ஆகவும் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லோரும் தப்பு என்பார்கள். தெரிந்த கொத்தனாரே ‘என்னண்ணே, மேல 1 அங்குலம் கம்மியா இருக்கு’ என்பார். டைல்ஸ் போட்டபின் எல்லாம் 7 ஆகிவிடும்.

மொட்டை மாடிக்குப் போகும் வரிசையில் இது இன்னும் மோசம். மாடியில் தட்டோடு, கூல் டைல்ஸ், சரிவுக் கலவை என்று 4 அங்குலம் வரை ஏறும். கணக்கில் சேர்க்காவிட்டால் கடைசி ஏற்றம் ஒன்பதரை அங்குலம். அதற்கு மேல் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கதவுக்கு ஒரு திண்டு வேறு. ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்றோடு வரும் மழைக்கு அந்தத் திண்டு கட்டாயம் வேண்டும். ஆனால் அதைப் படியின் ஏற்றமாக வைக்காமல், மேலே 3 அடி லேண்டிங் விட்டுக் கதவை அதன் அப்புறம் வையுங்கள்.

இப்போது படிக்கு அடியில் போங்கள்

படியை மேலிருந்து பார்த்தே பழகிவிட்டோம். இந்தக் கரையில் படிக்கட்டுக்கு நோய் வருவது அடியில்தான்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சரிவாக ஏறும் ஒரு கான்கிரீட் பலகை தெரியும். அதுதான் வெயிஸ்ட் ஸ்லாப். வேஸ்ட் ஸ்லாப் என்றே பல பேர் சொல்லுவார்கள். ‘வேஸ்ட்னா எதுக்குப் போடுறீங்க, மிச்சம் பண்ணலாமே’ என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டது உண்டு. பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான். மேலே தெரியும் முக்கோணப் படிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்த பாரம், அவ்வளவே.

வீட்டுப் படிக்கு இதன் கனம் 5 முதல் 6 அங்குலம் வரும். எவ்வளவு என்பதை நீளத்தைப் பார்த்து இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். அந்தக் கனத்தை எங்கே அளப்பது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். மிதியும் ஏற்றமும் சேரும் உள்மூலையிலிருந்து சரிவுக்குச் செங்கோணமாக அடிப்பரப்பு வரை. பல இடங்களில் டேப்பைத் தூக்குக் குண்டு மாதிரி நேர்கீழாகத் தொங்கவிட்டு ‘6 இருக்கு’ என்பார்கள். 7க்கு 10 சரிவு என்றால் 35 பாகை. நேர்கீழாக 6 இருந்தால் உண்மைக் கனம் 4.9தான். ஒரு மூலைமட்டத்தைச் சரிவில் சாய்த்து வைத்தால் ஒரு நிமிட வேலை.

கம்பி இந்தப் பலகையின் அடிப்பக்கம் ஓடுகிறது. சரிவுப் பலகையில் கம்பி கட்டி முடித்ததும் ஆட்கள் அதன்மேலேயே ஏறி இறங்குவார்கள். கம்பியைத் தூக்கி நிறுத்த அடியில் வைக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் நழுவிப்போகும், கம்பி சென்ட்ரிங் பலகையில் போய்ப் படுத்துவிடும். மதுரையில் அப்படி விட்டால் எத்தனையோ வருடம் ஓடலாம். இங்கே வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் உப்பை ஊதிக்கொண்டிருக்கின்றன. உப்பில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், உள்ளிருந்து தள்ளும். முதலில் படியின் அடியில் கம்பி ஓடும் வழியிலேயே ஒரு கோடாக வெடிப்பு, பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒரு நாள் பூச்சு மொத்தமாக விழும். தனுஷ்கோடியில் 1964 புயலில் கூரை போன தேவாலயத்தின் சுவர்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு ‘அந்தக் காலத்து வேலை’ என்பார்கள். அது பவளக்கல்லும் சுண்ணாம்பும். துருப்பிடிக்க அந்தச் சுவரில் கம்பி கிடையாது. நம் படியில் உண்டு.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 இதற்கு அளவு வைத்திருக்கிறது. கடற்கரைச் சூழலில் திறந்து கிடக்கும் கான்கிரீட்டைக் கடுமையான நிலை என்கிறது: எம் 30 தரம் (எண் கூடினால் கான்கிரீட்டின் வலுவும் கூடும்), கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர். உப்புக்காற்று நேரே படாமல் மறைவில் இருப்பதற்கு எம் 25, கவர் 30. கடல் தெறிப்பு நேரடியாகப் படும் இடத்துக்கு எம் 35, கவர் 50. வீட்டுக்கு உள்ளே போகும் படியையும் வெளிப்பக்கம் சுவரை ஒட்டி ஏறும் படியையும் ஒரே மாதிரி போடக் கூடாது என்பது இதிலிருந்தே தெரியும். வாடகைக்கு விட வசதி என்று வெளிப்படி கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. வையுங்கள். ஆனால் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் போட்டு வைக்காதீர்கள்.

தண்ணீரும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது அதே தரநிலை. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பலதும் நாக்கில் வைத்தாலே கரிக்கும். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, நனைப்பதற்குப் போர்த் தண்ணீரைப் பாய்ச்சுவது பாதி வேலையைக் கெடுப்பது. படியில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும்; அதனால் ஒவ்வொரு மிதியிலும் ஈரச்சாக்கு போட்டு 10 நாளாவது காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி விஷயத்தில் ஒரே ஓர் இடத்தை மட்டும் நீங்களே கண்ணால் பாருங்கள். வரிசை ஏறிப்போய் மேல் லேண்டிங்கைத் தொடும் இடத்தில் அடிப்பரப்பு சரிவிலிருந்து கிடையாக மடங்கும். அடிக்கம்பியை அந்த மடிப்போடு அப்படியே வளைத்துவிட்டால், பாரம் வரும்போது கம்பி நேராக முயன்று அடிக் கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். சரிவிலிருந்து வரும் கம்பி நேரே மேலேறி லேண்டிங்கின் மேல்முகத்தில் போய் முடிய வேண்டும். லேண்டிங்கின் அடிக்கம்பி தனியாக வந்து அதைக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே கடந்து போக வேண்டும். இது வரிசை தொடங்கும் கீழ்முனையில் அல்ல, ஏறி முடிகிற மேல்முனையில். இதைக் கேட்டால் நல்ல கம்பி வேலைக்காரர் உங்களைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்.

தலை இடிக்காத உயரம், அப்புறம் ஹெட்ரூம்

படியின் மூக்கிலிருந்து நேர்மேலே உள்ள கான்கிரீட்டின் அடி வரை 7 அடி இருக்க வேண்டும். இதைத்தான் பாடப்புத்தகத்தில் ஹெட்ரூம் என்கிறார்கள். நம் ஊரில் ஹெட்ரூம் என்றால் மொட்டை மாடியில் படிக்கு மேல் கட்டும் அந்தச் சின்ன அறை. இன்ஜினியர் ‘ஹெட்ரூம் பத்தாது’ என்று சொல்ல, வீட்டுக்காரர் ‘மாடியில ரூமே வேணாம் சார்’ என்று பதில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

திரும்பும் படியில் இந்த உயரம் தானாகக் கிடைத்துவிடும். நேர்ப்படியில்தான் கவனம் தேவை; மேல்தளத்தில் விடும் திறப்பு குட்டையாகிவிட்டால் நெற்றி இடிக்கும். 7 அடியோடு தளத்தின் கனம் 6 அங்குலத்தைச் சேர்த்தால் 90 அங்குலம். 7 அங்குல ஏற்றத்தால் வகுத்தால் 13. மேலிருந்து 13 ஏற்றம் வரை தலைக்குமேல் திறந்திருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 11 அடி நீளத் திறப்பு. ரூஃப் கான்கிரீட் போடும் முன் இந்த நீளத்தை அளந்துவிடுங்கள்.

கைப்பிடி

மேலே ஓடும் பிடிமானம் கைப்பிடி. அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளும் நிற்கும் கம்பிகளும் தடுப்பு. கீழே முதல் படியிலும் திருப்பத்திலும் தடிமனாக நிற்பது முதல் தூண். அது ஆடினால் எல்லாம் ஆடும். உயரத்தை மூக்கிலிருந்து நேர்மேலே அளக்க வேண்டும், 3 அடி முதல் 3 அடி 3 அங்குலம். கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள், குழந்தையின் தலை நுழைந்துவிடும். கிடைக்கம்பியாகப் போட்டால் பிள்ளைகளுக்கு அது ஏணி. செங்குத்தாகப் போடுவதே நல்லது.

இந்தக் கரையில் எந்த ஸ்டீல் என்பதுதான் பெரிய கேள்வி. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்பி 202 தரத்தில் போட்டுவிட்டு, ஒரு வருடத்தில் தேநீர் சிந்திய மாதிரி கறை படிந்திருப்பதைப் பார்த்து வருந்துபவர்கள் அதிகம். வீட்டுக்குள் 304 தாங்கும். கடல் பார்த்த வெளிப்படிக்கு 316. அதில் சேரும் மாலிப்டினம்தான் குளோரைடை எதிர்க்கிறது. விலை கூடுதல்தான். எந்தத் தரமானாலும் பில்லில் எண்ணை எழுதி வாங்குங்கள். கறை முதலில் வருவது பற்றவைத்த இடங்களில், அங்கே பாலிஷ் ஒழுங்காக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தாலே பாதிக் கறை வராது. இரும்புக் குழாய்க்குப் பெயின்ட் அடித்து ஓட்டலாம் என்பவர்களுக்கு வருடாவருடம் பொங்கல் செலவில் அதுவும் ஒன்று. வெளியே இரும்புச் சுருள்படி போடுவதை நான் இங்கே யாருக்கும் சொல்வதில்லை.

இரும்பு, மரப் படிகளில் மட்டும் வரும் இன்னோர் உறுப்பையும் சொல்லிவிடுகிறேன். மிதிகளை இரண்டு பக்கமும் தாங்கிச் சரிவாக ஏறும் சட்டம், ஸ்ட்ரிங்கர். பழைய மச்சுப்படிகளில் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் இந்த வேலையைச் செய்தது. கான்கிரீட் படியில் வெயிஸ்ட் ஸ்லாப்பே அந்த வேலையைப் பார்த்துக்கொள்வதால் இந்தப் பேச்சே எழாது.

உங்கள் படியில் ஒரு சோதனை

கையில் டேப் இருக்கும்போதே கடைசியாக இதைச் செய்துவிடுங்கள். எல்லா ஏற்றங்களையும் ஒவ்வொன்றாக அளந்து வரிசையாக எழுதுங்கள். முதலாவதும் கடைசியும் மற்றவற்றிலிருந்து மாறியிருந்தால் ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். மூக்குக்கு மூக்கு அளவை நாலு இடத்தில் பாருங்கள். லேண்டிங்கின் அகலம், கைப்பிடியின் உயரம், தலைக்குமேல் உள்ள இடம். பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு படிக்கு அடியில் போய், மூட்டைகளை நகர்த்திவிட்டு, அடிப்பரப்பை நீளவாக்கில் பாருங்கள். மயிரிழை மாதிரி ஒரே நேர்கோட்டில் வெடிப்பு ஓடினால், அல்லது சாவியால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் பொக்கென்று சத்தம் வந்தால், அதன்மேல் புட்டி வைத்து வெள்ளையடிக்காதீர்கள். இன்ஜினியரைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் கொத்திக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.